எட்டாவது செமஸ்டரில் நீங்கள் எழுதுவதை யார் படிக்கிறார்கள்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் பி.டெக். ஐ.டி. படிப்பவர்களின் கடைசி செமஸ்டரைத் திறந்து பார்த்தால் 'ப்ராஜெக்ட் ஒர்க் / இன்டர்ன்ஷிப்' என்று ஒரு வரி இருக்கும். 10 கிரெடிட், வாரத்துக்கு 20 பீரியட். நாலு வருடப் படிப்பில் இவ்வளவு கனமான வரி வேறு கிடையாது. அந்த வரியின் நடுவே இருக்கும் சாய்கோட்டுக்கு ஒரு பக்கம் இருப்பவர்கள் மூணு நாலு பேராகச் சேர்ந்து கல்லூரியிலேயே ஒரு ப்ராஜெக்ட் செய்வார்கள். மறுபக்கம் போகிறவர்கள் எச்.ஓ.டி.யிடம் கையெழுத்து வாங்கி, பெட்டியைக் கட்டிக்கொண்டு, சென்னை ஓ.எம்.ஆரிலோ கோவை சரவணம்பட்டியிலோ ஒரு நிறுவனத்தில் போய் உட்காருவார்கள். இரண்டுக்கும் ரிவியூ உண்டு, ரிப்போர்ட் உண்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வு உண்டு, அதே 10 கிரெடிட்தான். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. இன்டர்ன்ஷிப் என்ற பேரில் நடப்பதெல்லாமும்கூட ஒன்றில்லை, அங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள்.

நானும் அப்படிப் போனவன்தான். இப்போது சில வருடங்களாக எங்கள் டீமுக்கு வரும் இன்டர்ன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் எனக்கு இருக்கிறது. ஒரு இன்டர்ன்ஷிப் உருப்படியானதா என்று கண்டுபிடிக்க நான் கேட்பது ஒரே கேள்வி: நீங்கள் எழுதிய கோடிங்கை, அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் வரிவரியாக உட்கார்ந்து படித்தாரா? படித்தார் என்றால் ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) குறைவாக இருந்தாலும் சரி, கம்பெனி பேர் யாருக்கும் தெரியாவிட்டாலும் சரி, அது நல்ல இடம். யாரும் படிக்கவில்லை என்றால் ஏ.சி. கட்டடமும் ஐ.டி. கார்டும் இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரிய வைக்க எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்தது பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே வேலை செய்த சின்ன நிறுவனம். கோயம்பேட்டில் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்கிறவர்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் எனக்கென்று ஒரு வேலைச் சீட்டு (டிக்கெட்) வந்தது: 'இன்றைய விற்பனை' என்று ஒரு ரிப்போர்ட். பில் போட்ட நேரம் டேட்டாபேஸில் இருக்கிறது, அதிலிருந்து தேதியை மட்டும் எடுத்து, இன்றைய தேதி உள்ள பில்களைக் கூட்டினால் முடிந்தது. அரை நாளில் எழுதிவிட்டேன். காலை பதினொரு மணிக்கு நானே நாலு பில் போட்டுப் பார்த்தேன், சாயந்திரமும் போட்டுப் பார்த்தேன், கணக்கு அச்சுப் பிசகாமல் வந்தது. எழுதியதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சீனியர் அண்ணா ஒரே ஒரு கமென்ட் போட்டிருந்தார். "மார்க்கெட்ல தக்காளி லோடு எத்தன மணிக்கு எறங்கும்?" எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காட்டினார். சர்வர் நேரத்தை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. நம்ம ஊர் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அப்படியென்றால் நடு ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரை போடும் ஒவ்வொரு பில்லும் டேட்டாபேஸில் முந்தின நாள் தேதியில்தான் விழும். மற்ற கடைக்காரருக்கு இது பெரிய விஷயமாக இருக்காது, அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கோயம்பேட்டு மொத்த வியாபாரிக்கு அதுதான் கடை ஓடும் நேரம். என் ரிப்போர்ட் போயிருந்தால் அவருடைய ஒரு நாள் விற்பனையில் முக்கால்வாசி முந்தைய நாள் கணக்கில் போய் ஏறியிருக்கும்.

சரி, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். "அதுவும் தப்புதான், வந்து பாரு" என்று அந்த வாரமே ஒருநாள் அதிகாலை மூணு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் மடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. பக்கத்தின் மேலே தேதி போட்டிருந்தார், ஆனால் அதன் கீழே இருந்த முதல் வரி முந்தைய நாள் ராத்திரி பத்தரைக்கு வந்த லாரியினுடையது. அவருக்கு 'இன்னைக்கு' என்பது ராத்திரி முதல் லோடு இறங்கும்போது ஆரம்பித்து மறுநாள் மதியம் கடை கட்டும்போது முடிகிறது. நடு ராத்திரி பன்னிரண்டு மணி அவருடைய நாளின் நடுவில் எங்கேயோ வந்து போகிற ஒரு நேரம், அவ்வளவுதான். கடைசியில் ஒவ்வொரு கடைக்கும் நாள் எப்போது மாறுகிறது என்று செட்டிங்கில் வைத்துக்கொள்கிற மாதிரி எழுதினோம். அந்த ரிப்போர்ட்டில் என் வரிகள் மொத்தம் அறுபது இருக்கும். நாலு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த அறுபது வரிக்குள் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

கல்லூரி லேபில் இது நடக்க வழியே இல்லை. லேபில் ப்ரோக்ராம் ஒரு தடவை ஓடினால் போதும். அவுட்புட்டைக் காட்டுவோம், ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து விழும், அதோடு அந்த ப்ரோக்ராமின் ஆயுள் முடிந்தது. அதை இன்னொருவர் ஆறு மாதம் கழித்துத் திறந்து மாற்ற மாட்டார். அதிகாலை மூணு மணிக்கு அதை நம்பி யாரும் பணம் எண்ண மாட்டார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அறுபது பேருக்கு இரண்டு மணி நேர லேபில் ஒருவர் எழுதியதைப் படிக்க அவர்களுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வேலைப் பயிற்சி என்ற ஏற்பாடே வந்தது.

வந்தது என்றால் நேற்று வந்ததில்லை. 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களை வைத்து இதைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் பட்டறை, மறுபடி வகுப்பு. 1957-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோதே இதை அடித்தளமாக வைத்துக்கொண்டது, இன்றைக்கும் அங்கே நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் வேலை என்று மாறி மாறி ஓடுகிறது. நம்ம ஊரிலும் பழைய விஷயம்தான். கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கல்லூரியில் 'சாண்ட்விச்' பி.இ. என்று ஐந்து வருடப் படிப்பு உண்டு. நாலு வருடத்தில் முடிக்க வேண்டியதை ஐந்தாக இழுத்து, நடுவில் தொழிற்கூட வேலையை வைத்துத் தைத்திருப்பார்கள். பிலானியின் பிட்ஸ் கல்வி நிறுவனம் 1973-ல் இதே மாதிரிப் பயிற்சியை 'ப்ராக்டிஸ் ஸ்கூல்' என்று ஆரம்பித்தது, அதில் இரண்டாம் கட்டம் மட்டுமே ஐந்தரை மாதம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: இந்த இடங்களில் எல்லாம் மாணவனுக்கு இடம் தேடித் தருவதும், அங்கே என்ன நடக்கிறது என்று கண்காணிப்பதும் கல்வி நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தது. படிப்பின் ஒரு பகுதி என்றால் அதை நடத்தும் பொறுப்பும் கல்லூரியுடையதுதானே.

அப்புறம் ஏன் நம்ம ஐ.டி. படிப்புகளில் இது வேரூன்றவில்லை? என் கணிப்பு இது. மெக்கானிக்கலுக்கு சாண்ட்விச் இருந்த அதே ஊரில் ஐ.டி.க்கு அது தேவைப்படாமல் போனதற்குக் காரணம், மற்ற நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுக்கும் சர்வீஸ் கம்பெனிகள். அவர்கள் ஏழாவது செமஸ்டரில் வந்து, ஆப்டிடியூட் தேர்வு வைத்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டு, சேர்ந்த பிறகு தாங்களே மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். இன்ஃபோசிஸின் மைசூரு வளாகம் அதற்காகவே கட்டியதுதான். எந்த பிராஞ்சில் படித்தவராக இருந்தாலும் எடுத்தார்கள், ஏனென்றால் கற்றுக்கொடுப்பது அவர்கள் வேலையாக இருந்தது. கல்லூரிகளும் நிம்மதியாக இருந்துவிட்டன. இப்போது அந்தப் பயிற்சியை எட்டாவது செமஸ்டருக்கே நகர்த்தி, அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பேர் வைக்கிறார்கள். கம்பெனிக்கு லாபம்: முழுச் சம்பளத்துக்குப் பதில் ஸ்டைபண்ட், அதோடு ஆறு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் வேலை கொடுப்பது. பி.பி.ஓ. (ப்ரீ-ப்ளேஸ்மென்ட் ஆஃபர்) என்று மாணவர்கள் சொல்லும் அந்த வேலை உத்தரவு பலருக்கு இந்த ஆறு மாத நேர்காணலின் முடிவில்தான் கையில் வருகிறது, சிலருக்கு வராமலும் போகிறது.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். ஜோஹோ 2004-ல் தொடங்கிய பள்ளியில் பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடித்தவர்கள் ஸ்டைபண்ட் வாங்கிக்கொண்டே படித்து, டீம்களுக்குள் வேலை பார்த்து, பட்டம் இல்லாமலேயே டெவலப்பர் ஆகிறார்கள். அங்கே பட்டத்தை எடுத்துவிட்டுப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம்ம கல்லூரிகளில் பெரும்பாலும் நேர் எதிர்: பட்டம் இருக்கிறது, பயிற்சி என்ற இடத்தில் ஒரு காகிதம் இருக்கிறது.

அந்தக் காகிதம் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2018-ல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் மாதிரிப் பாடத்திட்டம் மொத்த கிரெடிட்டை 160 ஆகக் குறைத்து இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கச் சொன்னது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அண்ணா பல்கலைக்கழக விதிகளில் விடுமுறையில் இரண்டு வாரம் செய்தால் 1 கிரெடிட், நாலு வாரத்துக்கு 2, ஆறு வாரத்துக்கு 3. மூன்று கிரெடிட் சேர்த்துவிட்டால் ஒரு எலெக்டிவ் (விருப்பப்) பாடத்தையே விட்டுவிடலாம். விதி வந்தது, ஆனால் இத்தனை மாணவர்களை வைத்துக் கற்றுக்கொடுக்க எத்தனை நிறுவனங்களில் ஆள் இருக்கிறார்கள் என்று யார் கணக்குப் பார்த்தது? ஒரு இன்டர்னை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஒரு சீனியரின் நாளில் குறைந்தது ஒரு மணி நேரம் போகும், ஆரம்பத்தில் இரண்டு மணி நேரம்கூடப் போகும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். அந்த நேரத்தை எந்த விதியும் உருவாக்கித் தராது. தேவை இருக்கிறது, இடம் இல்லை என்றால் நடுவில் கடை போட ஆள் வந்துவிடுவார்கள். வந்தார்கள். சில ஆயிரம் ரூபாய் கட்டினால் 'வெப் டெவலப்மென்ட் இன்டர்ன்' என்று சர்டிஃபிகேட், ஆஃபர் லெட்டர், வருகைப் பதிவு எல்லாம் மெயிலில் வரும். கால்குலேட்டர், டூ-டூ லிஸ்ட், போர்ட்ஃபோலியோ பக்கம் என்று மூணு டாஸ்க் கொடுப்பார்கள், அதைச் செய்து லிங்க்டினில் போட்டு அவர்களை டேக் செய்ய வேண்டும். இதற்கு முன்னாலும் ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கும் சென்டர்கள் இருந்தன, சாய்கோட்டின் அந்தப் பக்க வியாபாரம் இந்தப் பக்கமும் வந்துவிட்டது.

கேம்பஸ் இன்டர்வியூவில் என் எதிரே உட்காரும் பிள்ளைகளின் ரெஸ்யூமேயில் இப்படி மூணு நாலு இன்டர்ன்ஷிப் இருக்கும். "இதுல நீங்க எழுதினதுல ரொம்ப நேரம் எடுத்த பிரச்சினை எது?" என்று கேட்பேன். உண்மையாக வேலை செய்தவருக்கு முகமே மாறிவிடும், கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், எந்த வரியில் தப்பு இருந்தது என்பது வரை வரும். காசு கட்டி வாங்கியவர் டெக்னாலஜி பேர்களை வரிசையாகச் சொல்வார். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வீட்டில் வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணமாகவும் இருந்திருக்கிறது அது.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விசாரியுங்கள். பணம் கேட்டால் அது இன்டர்ன்ஷிப் இல்லை, கோர்ஸ். கோர்ஸ் வேண்டும் என்றால் கோர்ஸ் என்று தெரிந்தே சேரலாம். 'என்னுடைய மென்டர் யார், அவர் என்ன வேலை செய்கிறார்?' என்று கேளுங்கள். எச்.ஆர். பேர் மட்டும் சொன்னால் யோசிக்க வேண்டும். 'நான் எழுதுவது நிஜ ரெப்போவில் (கம்பெனியின் கோடிங் இருக்கும் இடத்தில்) சேருமா, யார் ரிவியூ செய்வார்?' என்று கேளுங்கள், இப்படிக் கேட்பதால் எந்த நல்ல நிறுவனமும் கோபித்துக்கொள்ளாது. போன வருடம் அங்கே இன்டர்னாக இருந்தவரிடம் ஒரு பத்து நிமிடம் பேசிவிட்டால் மற்ற எல்லாம் தெரிந்துவிடும்.

பெயர்களிலும் குழப்பம் நிறைய. இன்டர்ன்ஷிப் வேறு, அப்ரண்டிஸ்ஷிப் (தொழில் பழகுநர் பயிற்சி) வேறு. அப்ரண்டிஸ்ஷிப்புக்கு 1961-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, 1973 திருத்தத்தில் பட்டதாரிகளும் அதில் வந்தார்கள். குறைந்தபட்ச ஸ்டைபண்ட் விதியில் இருக்கிறது, நாட்ஸ் என்ற தேசிய அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டத்தில் அதில் பாதியை மத்திய அரசு ஏற்கும், தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பட்டம் வாங்கிய பிறகு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்று வந்ததும் நிறைய பேர் ஆசையாகக் கேட்டார்கள், தொடங்கியபோது இருந்த விதிப்படி முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கிடையாது. எட்டாவது செமஸ்டரில் நீங்கள் போகும் இன்டர்ன்ஷிப்புக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதனால் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் பாதுகாப்பு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

காசு விஷயம் சின்ன விஷயமில்லை. திருவாரூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒரு மாணவி சென்னைக்கு ஆறு மாதம் வர வேண்டும் என்றால் பி.ஜி. வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு, பஸ் எல்லாம் அவள் குடும்பத்தின் தலையில்தான் விழும். ஸ்டைபண்ட் முதல் மாதமே வராது, முதல் மாதம் பேங்க் அக்கவுன்ட் சரிபார்ப்பிலேயே போய்விடும். அப்பா வேண்டாம் என்று சொன்னதால் கிடைத்த நல்ல இடத்தை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். சாய்கோட்டின் எந்தப் பக்கம் போவது என்பதைப் பல வீடுகளில் மார்க் தீர்மானிப்பதில்லை, கையில் இருக்கும் காசுதான் தீர்மானிக்கிறது. இதைப் பேசாமல் 'மாணவர்கள் முயற்சி எடுப்பதில்லை' என்று மேடையில் சொல்வது எனக்குப் பொறுப்பதில்லை.

சரி, இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? முதல் வாரம் ஒன்றுமே நடக்காது. லேப்டாப் வரும், கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழைய வைக்கும் வி.பி.என். வேலை செய்யாது, ரெப்போவுக்கு ஆக்சஸ் கேட்டு டிக்கெட் போட்டுக் காத்திருப்பீர்கள். ப்ராஜெக்ட்டை உங்கள் மெஷினில் ஓட வைக்கவே மூணு நாள் ஆகலாம். பயந்துவிட வேண்டாம், பத்து வருட அனுபவக்காரர் புதிதாகச் சேர்ந்தாலும் இதே கதைதான். அந்த மூணு நாளில் எங்கெங்கே முட்டினீர்கள் என்று எழுதி வைத்து, எப்படி ஓட வைப்பது என்று எழுதியிருக்கும் ரீட்மீ ஃபைலில் விட்டுப்போன படியைச் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட் அதுவாக இருக்கலாம், அடுத்து வருகிறவர் உங்களை வாழ்த்துவார். தினமும் காலை டீம் கூடிப் பேசும் ஸ்டாண்ட்-அப்பில் 'நேத்து செஞ்சதையே இன்னைக்கும் கன்டினியூ பண்றேன்' என்று மூணு நாள் தொடர்ந்து சொல்கிறீர்கள் என்றால் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நம்ம பிள்ளைகள் இங்கேதான் தவறுகிறார்கள், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வாய் திறக்காமல் இரண்டு வாரத்தை ஓட்டிவிடுவார்கள். முக்கால் மணி நேரம் முட்டிப் பாருங்கள், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். அந்த நாலு வரி இருந்தால் எந்த சீனியரும் எரிந்து விழ மாட்டார்.

கோடிங்கை ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதுவது இப்போது எல்லோரும் செய்வதுதான், நானும் செய்கிறேன். ஆனால் ரிவியூவில் 'இந்த வரி எதுக்கு?' என்று கேட்டால் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். தக்காளி லோடு எத்தனை மணிக்கு இறங்கும் என்று அதற்கும் நாம் சொன்னால்தான் தெரியும்.

கடைசியில் வைவா. இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, ஜனவரியிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனியில் என்.டி.ஏ. என்ற ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், ஒரு வரி கோடிங்கைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கல்லூரியிலோ ஆர்க்கிடெக்சர் டயகிராம், மாட்யூல் விளக்கம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ரிப்போர்ட்டில் கேட்பார்கள், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் டெமோ கேட்பார். கம்பெனி வேலையைக் காட்ட முடியாமல், ராத்திரி உட்கார்ந்து வைவாவுக்கென்று தனியாக ஒரு பொய் ப்ராஜெக்ட் செய்த பையனை எனக்குத் தெரியும். ஆறு மாதம் உண்மையாக உழைத்தவன் கடைசி நாளில் இல்லாத ஒன்றைக் காட்டி மார்க் வாங்க வேண்டியிருந்தது. அவன் ரிப்போர்ட்டில் அவன் செய்த வேலை ஒரு பக்கம்கூட இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. முதல் மாதத்திலேயே மென்டரிடம் 'எதைக் காட்டலாம்?' என்று மெயிலில் எழுதிக் கேட்டு, பதிலை கல்லூரி கைடுக்கும் அனுப்பிவிட வேண்டும். வாடிக்கையாளர் பேர், நிஜ டேட்டா, கோடிங் எதுவும் இல்லாமல் பிரச்சினை என்ன, எப்படி யோசித்தீர்கள், ஏன் அந்த வழி, என்ன தப்பாகப் போனது என்று எழுத பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிக்கும். அதை எழுத உங்களுக்குத் தினக்குறிப்பு வேண்டும். ஒரு நாளைக்கு மூணு வரி போதும். ஏப்ரலில் ரிப்போர்ட் எழுத உட்காரும்போது பிப்ரவரி பத்தாம் தேதி எந்தப் பிழையில் (பக்) தலையை உடைத்துக்கொண்டீர்கள் என்பது நினைவில் இருக்காது. என் பழைய நோட்டில் இன்னும் இருக்கிறது: 'கோயம்பேடு, காலை 3.10. நாள் ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிக்குது. யு.டி.சி. மட்டும் பிரச்சினை இல்ல.' வைவாவில் எக்ஸ்டர்னல் எங்கிட்ட டெமோ கேட்கவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு, லாரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டார்.